மேலே என்ன இருக்கிறது?

மலேசியாவின் பத்தாங் காலியில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களின் முகத்தில் தோன்றும் மாற்றம் பழகிப்போன ஒன்று. வயதானவர்களாக இருந்தால், 1948 டிசம்பர் 12-ஆம் நாள் சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் 24 பேரைச் சுட்டுக் கொன்றதை நினைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு 2022 டிசம்பர் 16-ஆம் நாள் நினைவுக்கு வரும். அன்று விடியலுக்கு முன், கெந்திங் மலைக்குப் போகும் சாலையோரத்து முகாம் தளம் ஒன்றின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த 92 பேர் அதில் சிக்கினார்கள். குழந்தைகள் உட்பட 31 பேர் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் பலர், பள்ளி விடுமுறையைக் கழிக்க வந்த கோலாலம்பூர்ச் சீனத் தொடக்கப்பள்ளி ஒன்றின் ஆசிரியர்களும் அவர்களின் குடும்பத்தினரும். நானும் தொடக்கப்பள்ளி ஆசிரியைதான்; பள்ளி விடுமுறையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவள்தான். அன்று முதல் எங்கள் வீட்டில் ‘கேம்பிங்’ என்ற சொல் காதில் விழுந்தாலே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார்.

ஆகவே இந்த ஜூன் விடுமுறையில் கோலகுபு பாரு, பிரேசர் மலை, ரவுப், பெந்தோங் என்று மூன்று நாள்கள் மோட்டார் சைக்கிளில் தனியாகச் சுற்றிவரப் போகிறேன் என்று நான் சொன்னபோது, பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். சண்டை வரவில்லை. “தனியாவா?” என்று ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான். எந்த வழி, எத்தனை கிலோமீட்டர், மோட்டார் தாங்குமா என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை. படுக்கும் இடத்தைப் பற்றி மட்டும் ஒரு நிபந்தனை விதித்தார். ஒவ்வொரு நாளும் கூடாரம் அடித்து முடித்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: “மேல என்ன இருக்கு? தண்ணி எந்தப் பக்கமா இறங்கும்?”

அம்மா முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, கிளம்பும் முன் இருட்டில் வாசற்படியில் நின்று அவர் வானத்தைப் பார்ப்பது, சிறுமியாக இருந்த எனக்குச் சாமி கும்பிடுவதைப்போலத் தோன்றியதுண்டு. அது கூலிக் கணக்கு என்பது பிறகுதான் புரிந்தது. பட்டை நனைந்திருந்தால், வெட்டிய கோட்டின் வழியே மங்குக் கிண்ணத்தில் போய் விழ வேண்டிய பால், கோட்டை மீறி மரமெங்கும் வழிந்து வீணாகிவிடும். மழை என்றால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. எந்த மேகம் மழையாக இறங்கும், எது வெறுமனே கடந்து போகும் என்பதைக் கணிப்பதில் அவருக்கு இன்றும் தொலைபேசிச் செயலியைவிட என்னிடம் மதிப்பு அதிகம். அவருடைய தோட்டமும் மேடு பள்ளமானது. படிப்படியாக வெட்டிய வரிசைகளில், எந்த இடத்தில் மண் கால் வைத்ததும் நகரும், எந்த மேட்டில் வேர் வெளியே தெரிகிறது என்று பார்த்துப் பார்த்தே தோளில் காண்டாக் கம்பில் தொங்கும் பால் வாளியைச் சுமந்து இறங்கியவர். அந்தத் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி நாங்கள் தாமான் எனும் குடியிருப்புக்குக் குடிவந்து இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்தக் கண் மட்டும் அவரிடம் அப்படியே இருக்கிறது.

என்னிடம் இருப்பது தினமும் பள்ளிக்குப் போய்வரும் ஹோண்டா ஈஎக்ஸ்5. கப்சாய் என்று எல்லாரும் செல்லமாகவும் சற்றே இளக்காரமாகவும் அழைக்கும் அந்தச் சிறிய மோட்டார் இனத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று அது. மலைக்குப் போக இந்த மோட்டார் போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், சாமான்களைக் குறைத்தால் போதும் என்பதே. எங்கள் ஊர் மோட்டார் கடைக்காரர் சங்கிலியை இறுக்கி, பின்டயரை மாற்றி, முன்புறப் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைவானதைப் பொருத்தினார். வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் இழுவை கூடும். பிறகு, பின்னிருக்கையில் நான் கட்டியிருந்த மூட்டையை ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, “டீச்சர், இப்படிக் கட்டினா ஏத்தத்துல முன்சக்கரம் லேசாயிடும், ஹேண்டில் ஆடும். கனமானதெல்லாம் காலுக்கு நடுவுல வைங்க” என்றார். அவர் சொன்னபடி தண்ணீர், அடுப்பு, எரிவாயு டின், அரிசி ஆகியவற்றைக் காலுக்கு நடுவே உள்ள இடைவெளியிலும், இரண்டு கிலோ எடையுள்ள கூடாரத்தையும் படுக்கையையும் பின்னாலும், துணிகளை முன்கூடையிலும் மாற்றி வைத்தேன். இந்த ஒரு மாற்றம்தான் பயணம் முழுவதும் எனக்கு மிக அதிகமாக உதவியது. எண்ணெய்த் தொட்டி மிகச் சிறியது என்பதால், கோலகுபு பாருவில் நிரப்பாமல் மலையேறக் கூடாது என்பதையும் அவரே நினைவூட்டினார்.

பத்தாங் காலியிலிருந்து ராசா வழியாகக் கோலகுபு பாருவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஊரை நெருங்கும்போது அம்பாங் பெச்சா என்ற இடம் வரும். உடைந்த அணை என்பதே அந்தப் பெயரின் பொருள். 1883-இல் அங்கிருந்த பழைய அணை உடைந்து வெள்ளம் ஊருக்குள் பாய்ந்ததில், உலு சிலாங்கூரின் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டார்கள். அவர் ஒரு வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் ஆறு பழிவாங்கியது என்று உள்ளூரில் கதை சொல்வார்கள். வெள்ளம் அதோடு ஓயவில்லை. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த வண்டல் ஆற்றின் அடிமட்டத்தை உயர்த்திக்கொண்டே போனதால், 1926-இன் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்றிப் புதிதாகக் கட்டினார்கள். ‘பாரு’ என்றால் புதியது. அந்தப் புதிய ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால், 110 மீட்டர் உயரமுள்ள சிலாங்கூர் அணை மலையிடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்காகத் தெமுவான் பூர்வக்குடியினரின் இரண்டு கம்பங்கள், அதாவது சிற்றூர்கள், இடம்பெயர்ந்தன. அணைக்கட்டின்மேல் மோட்டாரை நிறுத்திவிட்டு அந்த நீல நீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் இரண்டாவது கேள்வியை இந்த ஊர் ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்டு, பிறகு இடத்தையே மாற்றி எழுதித் திருத்தியிருக்கிறது என்று நினைத்தேன். பரீட்சைத் தாள் திருத்துகிறவளுக்கு இப்படித்தான் தோன்றும்.

முதல் இரவு அணைக்கு மேலே, ஓர் ஆற்றங்கரை முகாம் தளத்தில். தளத்துக்காரரின் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்ததாலும், மூன்று குடும்பங்கள் ஏற்கெனவே கூடாரம் அடித்திருந்ததாலும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். தனியாகப் போகும் பெண்ணுக்குத் தனிமையான இடம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்குத் தேவை தனிப் பயணம், ஆளில்லாத காடு அல்ல. தளத்துக்காரர் எனக்காக ஒதுக்கியது, ஆற்றிலிருந்து நான்கு எட்டில் இருந்த வெண்மணல் திட்டு. காலை நீட்டினால் தண்ணீர் தொடும். படம் பிடித்துப் போட்டால் நூறு பேர் விசாரிப்பார்கள். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். திட்டுக்குப் பின்னாலிருந்த புதர்களில், என் இடுப்பு உயரத்தில், காய்ந்த புல்லும் ஒரு பிளாஸ்டிக் பையும் சிக்கிக் கிடந்தன. அந்த உயரத்துக்கு ஆறு எப்போதோ வந்து போயிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான கடிதம் வேண்டியதில்லை.

மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்று சொல்லப்படும் திடீர் நீர்ப்பெருக்கு இந்த மலையாறுகளின் குணம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே எங்கோ கொட்டிய மழை, ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே சுவர்போல் இறங்கி வரும். தெளிந்த நீர் சட்டென்று கலங்குவதும், இலைகளும் குச்சிகளும் மிதந்து வருவதும், ஆற்றின் ஓசை மாறுவதும் அதன் முன்னறிவிப்பு. பகலில் அவற்றைக் கண்டுகொள்ளலாம். நள்ளிரவில் தூங்குகிறவருக்கு எந்த முன்னறிவிப்பும் பயன்படாது. ஆகவே கரையின் மேல்தட்டில், கழிப்பறைக்கு அருகில், கல்லும் வேருமாக இருந்த ஓர் இடத்தைக் கேட்டு வாங்கினேன். தளத்துக்காரர் சிரித்தார், அவர் சிரித்ததில் தவறில்லை. அன்றிரவு மழையே பெய்யவில்லை. ஆறு குழந்தைபோலத் தூங்கியது, மணல் திட்டில் படுத்த குடும்பம் நிம்மதியாகக் குறட்டை விட்டது, நான் மட்டும் விலாவில் குத்திய கல்லோடும் கழிப்பறைக் கதவின் சத்தத்தோடும் விடியும்வரை புரண்டேன். தொலைபேசித் தொடர்பு சரியாகக் கிடைக்காததால், கூடாரம் அடித்த பிறகு மோட்டாரில் அணைவரை திரும்பிப் போய்த்தான் அம்மாவிடம் பதில் ஒப்பித்திருந்தேன். “கல்லு குத்தினா பரவால்ல” என்றார்.

இரண்டாம் நாள் காலை, நெத்திலிச் சம்பாலும் ரொட்டியும் கொண்டு பசியாறிவிட்டு ஏறத் தொடங்கினேன். அங்கிருந்து பிரேசர் மலையின் அடிவாரமான கேப்வரை சாலை நேராக இருக்கும் இடம் என்று எதையும் சொல்ல முடியாது. இந்த வளைவுகளில் ஒன்றில்தான் 1951 அக்டோபர் 6-ஆம் நாள், மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கெர்னி கம்யூனிஸ்டுகளின் பதுங்கித் தாக்குதலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தை நினைவில் வைத்திருந்த பாட்டி, தோட்டத்து லயங்களை முள்வேலிக்குள் ஒன்றாகக் குவித்ததையும், பொழுது சாய்ந்தால் வேலிக்கு வெளியே தலை தெரியக் கூடாது என்றிருந்ததையும் சொல்லியிருக்கிறார். காட்டில் போய் விரும்பிப் படுப்பதற்குப் பேத்தி பணம் கொடுக்கிறாள் என்றால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதைக் கற்பனை செய்யவே எனக்குச் சிரிப்பு வந்தது.

கேப்பிலிருந்து மேலே எட்டுக் கிலோமீட்டர், ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய அகலத்தில் பழைய சாலை ஏறுகிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், கார்புரேட்டர் வைத்த என் மோட்டாருக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் கியரில் உறுமி நின்று, இரண்டாம் கியருக்கு இறங்கி, சில திருப்பங்களில் முதல் கியரில் நடந்தே போனது என்று சொல்லலாம். அவசரமில்லாததால் எனக்கு அது குறையாகப் படவில்லை. சாலையோரம் வெட்டிய மண்சுவர்களைப் பார்த்துக்கொண்டே போக முடிந்தது. தித்திவங்சா மலைத்தொடரின் உடல் பெரும்பாலும் கருங்கல்தான். ஆனால் நம் வெயிலும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தக் கல்லை உளுக்க வைத்து, மேலே பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக மாற்றியிருக்கின்றன. மழைநீர் அந்த மண்ணுக்குள் இறங்கி, துளைகளையெல்லாம் நிரப்பிவிட்டால், மண்துகள்களுக்கிடையே உள்ள பிடிப்பு தளர்ந்து சரிவு கனம் தாங்காமல் இறங்கிவிடுகிறது. பத்தாங் காலிச் சரிவில் ஏறத்தாழ நான்கரை இலட்சம் கனமீட்டர் மண் இறங்கியதாக அன்று அறிவித்தார்கள். செய்தியில் கேட்டபோது அது வெறும் எண். இங்கே, ஒரு திருப்பத்தில் புதிதாகச் சரிந்து, வெறும் இரண்டு லோரி அளவு மண் சாலையின் பாதியை மூடிக் கிடந்ததைப் பார்த்த பிறகு, அந்த எண்ணைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் முயன்றேன்.

பிரேசர் மலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஈய வணிகர் அங்கே இருந்ததும், பிறகு காணாமல் போனதும், 1920-களில் வெள்ளைக்காரர்கள் அதைக் கோடை வாசத்தலமாக்கியதும், கொடி படர்ந்த மணிக்கூண்டும் எல்லாரும் அறிந்தவை. கழுத்தில் தொலைநோக்கி தொங்க வந்திருந்த பறவை பார்ப்பவர்கள் சிலர், ஒரு மரத்தடியில் அசையாமல் நின்றிருந்தார்கள். மூடுபனிக்குள் தே தாரேக் எனும் ஆற்றிய தேநீர் ஒன்று குடித்துவிட்டு, வானம் கறுக்கும் முன் இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன். நம் பக்கத்து மலைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி இடித்துப் பெய்வது வழக்கம். இரண்டு மணிக்குள் கூடாரம் நின்றுவிட வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட விதி.

ரவுப் பக்கம் இறங்கும்போதுதான் மோட்டாரை உண்மையில் ஓட்டத் தெரிய வேண்டும். ஈஎக்ஸ்5-இல் முன்னும் பின்னும் டிரம் பிரேக். அதைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறி, தேவையான நேரத்தில் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை விட்டு விட்டுத் தொட வேண்டும். பாரம் முழுவதும் முன்பக்கம் தள்ளுவதால் கைகள் கடுத்தன. சமதளத்துக்கு வந்து சாலையோரக் கடையில் ஹெல்மெட்டைக் கழற்றியபோது, காலுறைக்குள் இரண்டு அட்டைகள் இருப்பது தெரிந்தது. கடைக்கார அம்மா கேட்காமலேயே கொஞ்சம் புகையிலையை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் இரவுக்கு, ரவுப்பிலிருந்து சற்று உள்ளே, ஒரு தமிழ்க் குடும்பத்தின் டுரியான் தோப்பில் இடம் பேசியிருந்தேன். தோப்புக்காரர் முன்பு தோட்டத்தில் வேலை செய்தவர். நான் போனபோது அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி, “எங்க வேணும்னாலும் போடுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டார். முதல் இரவின் பாடம் மனத்தில் இருந்ததால், இந்த முறை ஒரு மாணவியின் அக்கறையோடு இடம் தேடினேன். பின்னால் சரிவு இல்லை. ஓடை ஐம்பது மீட்டர் தள்ளி, தாழ்வாக ஓடுகிறது. தரை ஒருபக்கம் மெல்லச் சாய்ந்திருப்பதால் மழைநீர் தேங்காது. மண் கெட்டி, முளைகள் நன்றாக இறங்கின. புல் மெத்தைபோல இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, வகுப்பறையில் பதில் தெரிந்த பிள்ளை கையை உயர்த்துவதைப்போன்ற குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். “மேல என்ன இருக்கு?” என்றார். “மேல ஒண்ணும் இல்லம்மா, சமதளம்” என்றேன்.

மூன்றரை மணிக்கு மழை பிடித்தது. ஒன்றரை மணி நேரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, நீர் எப்படி நான் கணித்த வழியிலேயே வடிந்து போகிறது என்று பார்த்துப் பெருமைப்பட்டேன். மழை விட்டதும் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். இருட்டிய பிறகு மோட்டார் ஒன்று வரும் ஓசையும், கைவிளக்கின் ஒளியும் தெரிந்தன. தோப்புக்காரர் வந்து நின்று, கூடாரத்தைப் பார்த்து, விளக்கை மெதுவாக மேலே உயர்த்தினார்.

“தங்கச்சி, தலைக்கு மேல பார்த்தீங்களா?”

விளக்கின் வட்டத்துக்குள், என் கூடாரத்துக்கு நேர் மேலே, பதினைந்து மீட்டர் உயரத்தில் குலை குலையாக டுரியான்கள் தொங்கின. பழுத்த டுரியானை யாரும் பறிப்பதில்லை. அது தானாக விழும், இரவில் அதிகமாக விழும், மழைக்குப் பின் காற்றடித்தால் கேட்கவே வேண்டாம். ஒன்றிரண்டு கிலோ எடை, உடலெல்லாம் முள். மலை, ஆறு, மண் என்று இரண்டு நாள்களாகப் பெரிய ஆபத்துகளையே தேடிக்கொண்டிருந்த நான், ஒரு முறைகூடக் கழுத்தை நிமிர்த்தி அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தப் பருவத்தில் அந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைகூட அப்படிப்பட்ட மரத்தடியில் உட்காராது.

அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரிடம் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஒரு வார்த்தை பேசாமல் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினார். கூடாரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு, காவலுக்குப் படுக்கும் பலகைக் குடிலின் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். “உங்க அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்” என்றார் அவர் மனைவி, வெந்நீர்க் கெண்டியோடு வந்து. நான் அம்மாவைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கூடாரத்துக்குள் நான் பேசியது வெளியே கேட்டிருக்கிறது.

அன்றிரவு இரண்டு மணியளவில் முதல் பழம் விழுந்தது. கிளைகளை முறித்துக்கொண்டு வரும் சரசரப்பு, பிறகு தரையில் அடிவாங்கிய ‘தொப்’. சற்று நேரம் கழித்து இன்னொன்று. விடிவதற்குள் பதினொன்று எண்ணினேன். ஒவ்வொன்றும் விழும்போது, நான் முதலில் படுத்திருந்த இடம் எந்தத் திசை என்று இருட்டில் கண் தானாகத் திரும்பிப் பார்த்தது. தோப்புக்காரர் கைவிளக்கோடு எழுந்து போய்ப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டு வருவதும், அவர் காலடியில் ஈரப் புல் மிதிபடுவதும் கேட்டன. பயணத்தின் மூன்று நாள்களில் நான் மிக ஆழ்ந்து தூங்கியது, அதற்குப் பிறகான அந்த இரண்டு மணி நேரம்தான்.

காலையில் வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தேன். நசுங்கிய புல் என் கூடாரத்தின் அளவில் நீள்சதுரமாகத் தெரிந்தது. அதற்குள், கால்மாட்டுப் பக்கம் ஒரு பழம் கிடந்தது. தலைமாட்டுப் பக்கம் ஒன்றும் இல்லை. தோப்புக்காரர் அந்தப் பழத்தை எடுத்துக் காம்பைப் பார்த்து, கயிற்றால் கட்டி, என் முன்கூடையில் துணிகளின்மேல் வைத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

பெந்தோங்கிலிருந்து விரைவுச் சாலையை விட்டுவிட்டு, கெந்திங் செம்பா வழியாகக் கோம்பாக்குக்கு இறங்கும் பழைய சாலையில் வந்தேன். மரங்கள் கூரைபோல் மூடிய, வண்டி அதிகம் வராத சாலை அது. ஆனால் மழையில் பாசி பிடித்த திருப்பங்களில் கவனம் வேண்டும். அங்கிருந்து பத்து கேவ்ஸ், உலு யாம், வீடு. வழி நெடுகிலும் முன்கூடையிலிருந்து வந்த வாசனையால், சாலை விளக்கில் நின்றபோதெல்லாம் பக்கத்து மோட்டார்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா வாசலில் நின்றிருந்தார். முதலில் மோட்டாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு பழத்தை. சொல்லக் கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் பழம் எங்கே கிடைத்தது என்று அவர் கேட்டதும் சொல்லிவிட்டேன். கால்மாட்டில் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பாராங் கத்தியை எடுத்துவந்து, பழத்தை இரண்டு வெட்டில் பிளந்து, முதல் சுளையை எனக்குக் கொடுத்தார். ஈரக் கூடாரத்தைக் கொடியில் போடுவதற்காக நான் எழுந்தபோது, அவரும் கூடவே வந்து, கொடிக்கு மேலே நீண்டிருந்த பக்கத்து வீட்டு மாங்கிளையைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கொடியை அவிழ்த்து மறுபக்கம் கட்டினார்.